விரிப்புகள் காய்ந்த அறை

முதலில் வந்தது மழையா, மெஷினா என்று கேட்டால் எனக்கு நிச்சயமாகச் சொல்ல வராது. அந்த வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பாதி, சுவர் வழியாகக் கேட்டது. மீதி, புருஷனும் பெண்சாதியும் வேறு வேறு சமயங்களில் சொன்னது. இரண்டு பேர் சொன்னதும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகவில்லை. இடையில் விட்டுப்போனதை நானே இட்டு நிரப்பியிருக்கவும் கூடும். ஆனால் மெஷின் நின்றுபோகும் நொடி மட்டும் இப்போதும் காதில் இருக்கிறது. பகலும் இரவுமாக ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் சட்டென்று அறுந்துபோகும். அதுவரை கேட்காத மழை அப்போதுதான் கேட்கும்.

அன்று காலையும் அப்படித்தான் நின்றது. ஃபிட்டர் உள்ளறையில் மெஷினுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பம்பு செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். தொழிற்சாலையை இழுத்து மூடிய பிறகும் தெருவில் அந்தப் பெயர் மட்டும் அவரோடு தங்கிவிட்டது. அவர் தலைக்கு மேல் சுவருக்குச் சுவர் கட்டிய கொடிகள். எல்லாவற்றிலும் ஆஸ்பத்திரியின் பச்சை விரிப்புகள், ஓரங்களில் நீர் கோத்துக்கொண்டு தொங்கின.

குளியலறையிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு."

"நேத்துதானே சரி பண்ணிட்டேன்னு சொன்னீங்க?"

"நேத்து சரியாத்தான் இருந்துச்சு."

"அப்ப இன்னிக்கு அதுக்கு லீவா?"

அவர் மெஷினின் முதுகில் ஒட்டியிருந்த பவர் சப்ளைப் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தார். சுட்டது. கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரைத் தேடினார். அவள் முழங்கை வரை சோப்பு நுரையோடு வாசலில் வந்து நின்றாள். மதியத்துக்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மெஷின் ஓடினால்தான் விரிப்பு காயும். அவள் கொடியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி உள்ளே போனாள். தண்ணீர்க் குழாயைத் திறக்கும் சத்தம் வேண்டுமென்றே பெரிதாகக் கேட்டது.

அது பிட்காயின் மெஷின். அவளுடைய பெரியப்பா மகன், போன் கடை வைத்திருப்பவர், கொண்டுவந்து வைத்தது. கடைக்கு விதிக்கிற கரண்ட் கட்டணத்தில் அதை ஓட்டினால் கட்டுப்படியாகாது என்பதால், தெரிந்தவர்கள் வீடுகளில் ஒவ்வொன்றாக வைத்திருந்தார். இரண்டு செருப்புப் பெட்டிகளை ஒட்டிவைத்த அளவுதான் இருக்கும். முன்பக்க விசிறி காற்றை உறிஞ்சும், பின்பக்க விசிறி அதைக் கொதிக்கக் கொதிக்க ஊதித் தள்ளும். உள்ளே மூன்று போர்டுகள் ஓயாமல் கணக்குப் போடும், அதற்குக் கூலியாக இணையக் காசு அவர் போனில் சேரும். மீட்டர் பெட்டியிலிருந்து அதற்கென்று தனியாகத் தடித்த ஒயர் இழுத்து, ஏசிக்குப் போடுவது மாதிரிப் பெரிய பிளக் பாயிண்ட் வைத்தார்கள்.

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம் மாப்ள. சும்மா பாத்துக்கிட்டா போதும். வீட்டுக் கரண்ட் பில் மொத்தம் என் பொறுப்பு" என்றார் அண்ணன்காரர்.

"காசைத் தோண்டி எடுக்குற மெஷின்னு சொன்னீங்களே மச்சான், மண்வெட்டி எங்க?"

"மண்வெட்டி உங்க வீட்டுல. தங்கம் என் போன்ல." அவர் சிரித்துக்கொண்டே சுவிட்சைப் போட்டார். விசிறிகள் சீறி எழுந்தன. பள்ளிக்கூடப் பையோடு நின்றிருந்த மகள் காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள். "மாமா, இது எப்ப மேல கிளம்பும்?"

அது கிளம்பவில்லை. அவர்கள்தான் அந்த அறையை விட்டுக் கிளம்பி முன்னறைக்கு வந்தார்கள். மூன்று பேரும் அங்கேயே படுத்தார்கள். பேச்சு எல்லாம் கத்தலாகிவிட்டது. உப்பு கேட்பதுகூடச் சண்டை மாதிரி ஒலித்தது. தூக்கத்தில் யாராவது புரண்டுகொண்டே இருப்பது எனக்குச் சுவர் வழியாகத் தெரியும்.

ஒருநாள் மகளின் ஒரே சீருடை நனைந்துவிட்டது. ஃபிட்டரின் மனைவி அதைப் பிழிந்து, மெஷினின் பின்பக்கம் ஒரு நாற்காலியில் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். திரும்பி வரும்போது துணி மொறமொறப்பாக, இஸ்திரி போட்டது மாதிரி சூடாக இருந்தது. அதை முகத்தோடு அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். இதை அவளே என்னிடம் சொன்னாள், சொல்லும்போது சிரித்தாள்.

அந்த மழையில் சலவைக்காரர்கள் யாராலும் காய்ந்த துணி கொடுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் விரிப்புகள் குவிந்து நாறிக்கொண்டிருந்தன. அவள் ஒரு மூட்டையை எடுத்துவந்து, மறுநாளே மடித்துக் கொண்டுபோய் வைத்தாள். பெரிய நர்ஸ் ஒரு விரிப்பை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"எங்க காய வெச்சே?"

"வீட்டுலதாம்மா."

"வீட்டுல சூரியனை வெச்சிருக்கியா? சரி, தினமும் நீயே எடுத்துக்க. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க படுக்குற விரிப்பு இது. ஈரமா வந்தா வேற ஆளைப் பாத்துடுவேன். வருத்தப்படக் கூடாது."

வீட்டில் வேறு சம்பாத்தியம் இல்லை. ஃபிட்டர் கேட்டுப்போன இடங்களில் எல்லாம் வயதைக் கேட்டார்கள். அதனால் அந்த மூட்டைதான் வீடு. மூட்டை காய்வது மெஷினின் சூட்டில். மெஷின்தான் இப்போது நின்று நின்று போயிற்று.

அதன் போக்கும் விசித்திரமாக இருந்தது. போட்டதும் ஓடும். நன்றாக ஓடும். துணி காயத் தொடங்கும் நேரத்தில் நின்றுவிடும். ஆறவிட்டுப் போட்டால் ஒன்றுமே நடக்காதது மாதிரி மறுபடி ஓடும். ஃபிட்டர் முதலில் பிளக் பாயிண்டைச் சந்தேகப்பட்டார். கழற்றிப் பார்த்தால் ஒரு துளையின் ஓரம் பழுப்பாகக் கருகியிருந்தது. 'இதுதான்' என்று தொடையில் தட்டிக்கொண்டு புதிது மாட்டினார். அரை நாள் ஓடிவிட்டு நின்றது. ஒயரை மாற்றினார். கடன் வாங்கிய மீட்டரில் வோல்டேஜ் பார்த்தார், குறையவில்லை. பிறகு மூன்று போர்டுகளின் இணைப்பையும் பிடுங்கிவிட்டு, ஒரே ஒரு போர்டை மட்டும் மாட்டி ஓட்டினார். நாள் பூராவும் நிற்காமல் ஓடியது.

"கண்டுபிடிச்சிட்டேன்" என்று கத்தினார். "மத்த ரெண்டும்தான் கெட்டுப்போச்சு."

"அப்ப ஒண்ணை வெச்சே ஓட்டுங்க."

அவர் கையைப் பின்பக்கக் காற்றில் நீட்டிக் காட்டினார். அவளும் நீட்டினாள். ஒரு போர்டின் சூடு மூச்சுவிடுகிற அளவுக்குத்தான் இருந்தது. அன்று போன விரிப்பைக் கன்னத்தில் வைத்துப் பார்த்த பெரிய நர்ஸ் அதை மட்டும் தனியாக எடுத்து மேஜையின் ஓரத்தில் வைத்தார்.

அந்த இரண்டு போர்டுகளையும் அண்ணன்காரர் வாங்கிக்கொண்டுபோய்ச் சோதித்துத் திருப்பி அனுப்பினார். இரண்டும் நன்றாகவே இருந்தன. "மாப்ள பம்பு ஃபிட்டர். பம்பு மாதிரியே பாத்திருப்பாரு" என்று போனில் சொல்லிச் சிரித்தாராம். போனை அவள்தான் பேசினாள். அதை அப்படியே புருஷனிடம் சொல்லவும் செய்தாள்.

மிச்சம் இருந்தது பவர் சப்ளைப் பெட்டி. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கரண்ட் தேங்கி நிற்கும் என்பதால் ஒரு பகல் முழுக்கச் சும்மா வைத்திருந்தார். சும்மா இருக்க முடியாமல் வாசலுக்கும் உள்ளறைக்கும் நடந்தார். சாயங்காலம் மூடியைக் கழற்றினார். உள்ளே தகடுகளையும் சுருள்களையும் காணோம். அந்த இடம் முழுக்கப் பச்சையாக, மெத்தை மாதிரி அடைத்துக்கொண்டு பஞ்சு. அதற்கென்று இருந்த சின்ன விசிறி, பஞ்சுக்குள் புதைந்து அசையாமல் கிடந்தது.

அவர் அதைப் பிய்த்து எடுத்தார். கையளவு வந்தது, இன்னொரு கையளவு வந்தது. விரிப்புகள் காற்றில் ஆடிக் காயும்போது உதிரும் பிசிறு. பின்பக்கக் காற்று அதைக் கிளப்ப, அறையைச் சுற்றிவந்து முன்பக்கமாக உள்ளே போயிருக்கிறது. காற்று போக வழியில்லாமல் பெட்டி சூடேறித் தானாகவே நின்றிருக்கிறது. ஒரு போர்டு என்றால் வேலை குறைவு, சூடும் குறைவு, அதனால்தான் நிற்கவில்லை.

அவள் வந்து பார்த்தாள். "என்னங்க இது?"

"உன் விரிப்பு."

மழை மட்டும் கேட்டது. வெகுநேரம் இரண்டு பேருமே பேசவில்லை என்று அவர் சொன்னார். அவள் சொன்னதில் அப்படி ஒரு மௌனமே கிடையாது. உடனே கேட்டுவிட்டாளாம். "அண்ணனுக்குத் தெரியணுமா?"

"தெரிஞ்சா துணியை வெளிய போடச் சொல்லுவாரு."

"தெரியலன்னா?"

"இன்னும் கொஞ்ச நாள்ல பெட்டி எரியும். பெட்டி மட்டும் எரிஞ்சா நல்லது."

அவள் தன் பழைய நைலான் புடவையைக் கிழித்து எடுத்துவந்தாள். "முன்னாடி இதைக் கட்டுங்க. மாவு சலிக்கிற மாதிரி பஞ்சை நிறுத்தும்."

அவர் பெட்டியைச் சுத்தம் செய்து மூடி, மெஷினின் வாயில் புடவையை ஒற்றையாகக் கட்டினார். மூன்று போர்டும் ஓடின. பஞ்சு துணியில் படிந்தது. இரவில் மணிக்கொரு தரம் எழுந்து அதைத் துடைத்தார். துடைத்தாலும் புடவை வழியே காற்றுக் குறைவாகத்தான் போயிற்று. மெஷினின் சூடு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. விரிப்புகள் முன்னைவிடச் சீக்கிரம் காய்ந்தன. அவள் முகம் தெளிந்தது. அவருடையது தெளியவில்லை. சாப்பாட்டில் கை வைத்தபடியே உள்ளறைப் பக்கம் காதைக் கொடுத்து உட்கார்ந்திருப்பார்.

சூடு ஏறியது அண்ணன்காரரின் போனிலும் தெரிந்தது. சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார், குடையிலிருந்து நீர் வழிய. மறைக்க நேரமில்லை. உள்ளறையில் விரிப்புகள் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. மெஷினின் வாயில் புடவைத் துண்டு நெஞ்சு மாதிரி உள்வாங்கிக்கொண்டிருந்தது.

"மச்சான், நானே சொல்லணும்னு..." என்று தொடங்கினார் ஃபிட்டர்.

அண்ணன்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். விரிப்புகளுக்கு நடுவே குனிந்து நடந்துபோய், பின்பக்கக் காற்றில் கையை நீட்டினார். ஒரு விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக் கசக்கிப் பார்த்தார். திட்டுவார் என்று அவள் புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு விரிப்பு காய எவ்வளவு நேரம் ஆகும்மா?"

அவளுக்கு மூச்சு வந்தது. எல்லாவற்றையும் சொன்னாள். கொடியை எந்த உயரத்தில் கட்ட வேண்டும், எப்போது திருப்பிப் போட வேண்டும், எவ்வளவு பிழிந்தால் போதும், மடிக்கும்போது சூடு இருக்க வேண்டும் என்று. ஆஸ்பத்திரியில் யாரிடம் பேசினாள், அவர் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார் என்பதையும் சொன்னாள். அண்ணன்காரர் இடையிடையே "அப்படியா, அப்படியா" என்றார். டீ கொடுத்தாள். நின்றபடியே குடித்தார்.

"நம்ம குடும்பத்துல மூளை உனக்குத்தான்மா வந்திருக்கு" என்று சொல்லி, டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டுக் குடையை விரித்தார்.

அன்று அவள் பாத்திரம் கழுவும் சத்தம் உற்சாகமாக இருந்தது. "பாத்தீங்களா, அண்ணன் ஒரு வார்த்தை திட்டல."

"திட்டியிருக்கலாம்" என்றார் ஃபிட்டர்.

அடுத்த வாரம் மெஷினை எடுக்க ஆள் வந்தது. பஞ்சு போய்த் தீப்பிடித்தால் என்ன ஆவது, வீட்டில் வயதுப் பெண் இருக்கிறாள், பாதுகாப்புதான் முக்கியம் என்று அண்ணன்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். எடுத்துக்கொண்டுபோன பிறகும் தடித்த ஒயர் சுவரிலேயே இருந்தது. அடுத்த மூட்டை காயவில்லை. அவள் அடுப்பின்மேல் பிடித்துக் காயவைத்துக் கொண்டுபோனாள். பெரிய நர்ஸ் அதை வாங்கவேயில்லை. "உங்க அண்ணன்தான் பேசிட்டுப் போயிட்டாரேம்மா. நீயும் அங்கதான் இருப்பேன்னாரு" என்றார்.

அதற்குப் பிறகு என்ன ஆனது என்பதைச் சொல்லிவிடலாம். அண்ணன்காரர் கடைக்குப் பின்னால் ஒரு கிடங்கை வாடகைக்கு எடுத்து, வீடு வீடாக வைத்திருந்த மெஷின்களை எல்லாம் அங்கே சேர்த்தார். சலவை வருமானமும் சேர்ந்ததால் கடைக் கரண்ட் கட்டணமே இப்போது கட்டுப்படியாகிறது. ஆஸ்பத்திரியோடு, இரண்டு விடுதிகளின் துணியும் வருகிறது. மெஷின்களுக்கு முன்னால் சட்டம் அடித்துக் கம்பி வலை போட்டிருக்கிறார். வலையில் படியும் பஞ்சை பிரஷ்ஷால் தட்டுவது ஃபிட்டரின் வேலை. அவருக்குத் தினக்கூலி, இருமலும் வந்திருக்கிறது. பெரிய நர்ஸ் வேறு ஆஸ்பத்திரிக்கு மாறிப் போய்விட்டார். மகள் உள்ளறையில் தனியாகப் படுக்கிறாள், இரைச்சல் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்கிறாள். கரண்ட் பில்லை இப்போது அவர்களே கட்டுகிறார்கள். ஃபிட்டரின் மனைவிக்கும் தினக்கூலிதான். காலை முதல் விரிப்புகளைக் கொடியில் போட்டுத் திருப்பி மடிக்கிறாள். வேலை செய்பவர்கள் வீட்டுத் துணியை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று கிடங்கின் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறது. அதனால் மழைக்காலத்தில் அவள் முந்தின நாள் துவைத்த, காயாத ரவிக்கையையே போட்டுக்கொண்டு போகிறாள். முதல் வரிசை விரிப்புகளைப் போட்டு முடிப்பதற்குள் அது அவள் உடம்பிலேயே காய்ந்துவிடுகிறது.