சாமி வாக்கில் ஓர் எழுத்து

“உங்கப்பா மாத்திரையை நிறுத்திட்டாருடா” என்று அம்மா சொன்னபோது என் இரண்டு கையிலும் ஓட்டல் போர்வை இருந்தது. சலவை ஆலையில் எனக்கு மடிப்பு மேசை. போனைச் சட்டைப்பையில் போட்டு, காதில் ஒயர் மாட்டிக்கொண்டுதான் வீட்டோடு பேசுவேன்.

“எந்த மாத்திரையைம்மா?”

“எல்லாந்தான். ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கறாங்களே, அதையும் சேர்த்து. காலையில டம்ளர் கையை விட்டு நழுவிடுச்சு. இடது கை மரத்துப்போச்சாம். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கேன். ஆனா ஏறமாட்டேங்கறார். கடைசல் சாமி வாக்குக்கு மேல ஒரு வாக்கான்னு அவர் படத்து முன்னாடி சம்மணம் போட்டு உட்கார்ந்துட்டார்.”

அப்பாவுக்கு இதயத்தில் வால்வு மாற்றியிருக்கிறது. அந்த மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட விடக்கூடாது என்று டாக்டர் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

“சாமி எப்பம்மா சொன்னாரு? அவர் இங்க வந்ததுலேருந்து மௌனத்துல இருக்காரு.”

“நீதானேடா குரூப்புல போட்டே!”

போர்வையை எறிந்துவிட்டுக் குடும்பக் குரூப்பைத் திறந்தேன். மௌனத்துக்கு முன் சாமி சொன்ன வாக்குகளை வீட்டுக்கு அனுப்புவது நான்தான். கைக்கு ஓய்வு கிடையாது என்பதால் வாயால் சொல்லுவேன், போன் எழுதிக்கொள்ளும். ‘மறந்து விடு. சுமை குறையும். உடம்பும் லேசாகும்.’ இதுதான் நான் சொன்னது. நீராவி இரைச்சலில் போன் எழுதியிருந்தது வேறு. ‘மருந்து விடு. சுமை குறையும். உடம்பும் லேசாகும்.’ அதற்குக் கீழே அப்பா போட்ட கும்பிடு.

நீராவி இரைச்சலுக்கு மேல் கத்தினேன்.

“அம்மா, ஸ்பீக்கர்ல போடு. அப்பா! அது மருந்து இல்லப்பா, மறந்து! பெரிய ற வர்ற இடத்துல சின்ன ரு விழுந்துடுச்சு.”

“டேய் ரேடியோ.” வீட்டில் எனக்கு அதுதான் பெயர். வாய் ஓயாது, யார் குரலையும் அப்படியே எடுத்துக்காட்டுவேன். “பெரிய ற, சின்ன ருவெல்லாம் உன் வாத்தியார்கிட்ட வச்சுக்க. இந்த மாத்திரை மூட்டையை எத்தனை நாளைக்குச் சுமக்கறதுன்னு மனசுக்குள்ள கேட்டுக்கிட்டே இருந்தேன். சாமி பதில் குடுத்துட்டார். இப்பப் பயந்துபோய் மாத்தாதே.”

சாமி என்கிற இடத்தில் ‘ஷாமி’ என்று கேட்டது. அப்பாவின் நாக்கு வழுக்கியதை நான் அதற்கு முன் கேட்டதேயில்லை.

“அவரே சொன்னா ஏறுவீங்களா?”

“அவர் வாயால சொல்லட்டும்.”

மேற்பார்வையாளரிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஓடினேன்.

கடைசல் சாமி என்பது ஊர் வைத்த பெயர். காவி கட்டுவதற்கு முன் அவர் ஒரு பட்டறையில் லேத் என்கிற கடைசல் எந்திரம் ஓட்டியவர். எந்திரம் ஒருநாள் ஆள்காட்டி விரலில் பாதியைக் கொண்டுபோனது. பழுதுபார்க்காமல் ஓட்டவிட்ட முதலாளியை வருஷக்கணக்கில் சபித்துக்கொண்டே வேலை பார்த்தாராம். போன விரலால் உளி பிடிக்க முடியாது, ஆனால் கோபத்தை மட்டும் அந்த விரலால்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று ஒருநாள் தோன்றியதாம். முதலாளி வீட்டுக்குப் போய்த் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பியவர்தான். அதற்குப் பிறகு யார் என்ன கேட்டாலும் பட்டறைப் பேச்சுதான். ‘சுத்துறது நிக்காம கையை வைக்காதே’ என்பார், கோபக்காரர்களிடம். எங்கள் ஊரில் இருந்தபோது அப்பாவிடம் சொன்னது ‘மறந்து விடு’. ஒரு சுவருக்காகச் சித்தப்பாவோடு பேசாமலிருந்த அப்பா, அன்றே சித்தப்பா வாசலில் போய் நின்றார்.

சாமி தங்கியிருந்தது டயர் கடைக்கு மேலே ஒரு வாடகைக் கூடத்தில். படியேறும்போதே ரப்பர் நெடி. வாசலில் செயலாளர் கையை நீட்டி மறித்தார். சாமியின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரும் அவர்தான்.

“சாமி மௌனம், தம்பி. எழுதிக் குடுங்க. நேரம் வரும்போது படிப்பார்.”

“எழுதினதாலதாங்க இந்த வினையே!”

“ஒருத்தருக்காகக் கலைச்சா நாளைக்கு ஊரே வரிசை கட்டி நிக்கும்.”

காதுக்குள் அம்மாவின் குரல் உடைந்தது. “ஆம்புலன்ஸ்காரங்க வந்துட்டாங்கடா. வரமாட்டேன்னா கையெழுத்து போடுங்க, அடுத்த ஆளைப் பார்க்கணும்கறாங்க. பேனாவைக் கேட்கிறார்டா!”

செயலாளரின் கைக்கு மேலாகக் கத்தினேன். “சாமி! உங்க வாக்கைத் தப்பா எழுதி அனுப்பிட்டேன். அதைக் கேட்டு எங்கப்பா சாகப் போறார்!”

கூடம் முழுக்கத் திரும்பியது. சாமி கண்ணைத் திறந்தார். எழுதிக் காட்டும் பலகையையோ சாக்குக்கட்டியையோ தொடவில்லை. கொடு என்பதுபோல் கையை நீட்டினார்.

“என்ன எழுதினே?” துருப்பிடித்த எந்திரம் முதல்முறை சுற்றுகிற மாதிரி இருந்தது குரல்.

சொன்னேன். ஒயரைப் பிடுங்கி, ஸ்பீக்கரில் போட்டுப் போனைக் கொடுத்தேன்.

“ஐயா, கடைசல்காரன் பேசறேன். எழுந்து ஆம்புலன்ஸ்ல ஏறுங்க.”

அந்தப் பக்கம் அப்பா சிரித்தார். “டேய் ரேடியோ! சாமி குரலை எடுத்து என்கிட்டயே காட்டறியா? அவர் மௌனத்துல இருக்கார்னு நீதானேடா சொன்னே!”

கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள். போனை வாங்கிச் சாமி முகத்துக்கு நேராகப் பிடித்தேன். வீடியோவுக்கு மாற்றினேன். அம்மா போனை அப்பா முகத்துக்கு நேராகப் பிடித்தாள். வாயின் ஒரு ஓரம் இறங்கியிருந்தது. சாமி அதைப் பார்த்துவிட்டார். பாதி விரலைத் திரைக்கு முன்னால் தூக்கிக் காட்டினார்.

அப்பாவின் சிரிப்பு நின்றது. “சாமி... நீங்கதானே விடச் சொன்னீங்க?”

“பையைக் கொண்டா” என்றார் சாமி, செயலாளரிடம்.

“சாமி, இத்தனை பேர் முன்னாடி வேணாம்...”

“கொண்டாய்யா!”

சாமியின் முதுகுக்குப் பின்னால் சுவர் நீளத்துக்கு ஒரு பதாகை: ‘மருந்தறியா மாமுனி’. அதற்கு முன்னால் உட்கார்ந்து, துணிப்பையிலிருந்து அட்டையை எடுத்து, ஒரு மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். முன்வரிசையில் ஓர் அம்மாள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

“பிரஷர் மாத்திரை. தினமும் போடறேன். நானே விடலை, நீ யாருய்யா விடறதுக்கு? தம்பி மேல இருந்த கோபத்தை மறந்து விடுன்னேன். உன் மருந்து என்னய்யா பாவம் பண்ணுச்சு? பேனாவைக் கீழே போடு! ஏறு!”

படம் ஆடியது. கூரை தெரிந்தது, யாரோ ஒருவரின் சட்டை தெரிந்தது. “எழுந்துட்டார்டா! தாங்கிப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறாங்க!” அம்மாவின் குரலில் இருந்தது அழுகையா சிரிப்பா தெரியவில்லை. இணைப்பு அறுந்தது.

சாமி தலையைத் திருப்பாமலே கட்டைவிரலால் பின்னால் காட்டினார். “இதை எவன் எழுதினான்?”

“நான்தான் சாமி.”

“கழட்டு.”

பிறகு அவர் பேசவில்லை. செயலாளர் நாற்காலி போட்டு ஏறிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். போன் எனக்கும் சாமிக்கும் நடுவே தரையில் கிடந்தது. கூட்டம் மெல்லக் கலைந்தது, சாமி எழுந்திருக்கவில்லை. என் ஆலைச் சட்டையின் ஈரம் முதுகிலேயே காய்ந்தது. எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டுப் பார்த்தேன். எதிரிலிருந்தவரைப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை.

அம்மா கூப்பிட்டாள், போனைக் காதில் வைத்துக்கொண்டேன். “அடைப்பு சின்னதாம். நேரத்துக்குக் கொண்டுவந்துட்டீங்கன்னு டாக்டர் சொல்றார். கையை மூடித் திறக்கச் சொன்னாங்க. மூடறார்டா. சுண்டுவிரல் மட்டும் இன்னும் மடங்கலை.”

சாமி பலகையை எடுத்து ஒரே ஓர் எழுத்தை எழுதிக் கேள்விக்குறி போட்டார். ‘கை?’

நானும் வாயைத் திறக்கவில்லை. என் இடது கையைத் தூக்கி மூடிக் காட்டினேன், சுண்டுவிரலை மட்டும் நீட்டியபடி. அவர் தன் பாதி விரலைப் பார்த்துக்கொண்டார். போதும் என்பதுபோல் தலையசைத்துவிட்டுக் கண்ணை மூடினார்.

படியிறங்கும்போது அப்பாவிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது.

“டேய் ரேடியோ, இனிமே சாமி வாக்கை உன் வாயாலயே அனுப்பு. எழுத்து வேணாம்.”

டயர் கடை வாசலில் நின்று, ‘சாமி’ என்கிற இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். ச இன்னும் முழுசாக வரவில்லை. காலையில் கேட்டதற்கு இது தேவலை.