படையலில் வைத்த மாத்திரை

பாஞ்சாலைக்கு யார் சொன்னாலும் ஏறாது. மருமகள் ரூபினியின் வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை வளரவில்லை என்று ஈப்போ டாக்டர் லோகேஸ்வரி படம் போட்டுக் காட்டியபோதும், "மெசினுக்கு என்னா தெரியும்?" என்று சண்டைக்குத்தான் போனாள். ஆனால் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போயிருந்தன. இதுவும் போனால் ரூபினி தாங்கமாட்டாள் என்பது பாஞ்சாலைக்கும் தெரியும்.

"நஞ்சுக்கொடியில ரத்தம் சரியா ஓடல. அதான் பிள்ளைக்குச் சாப்பாடு போகல," என்றார் டாக்டர். "ரத்தக் குழாய விரிச்சு விடுற மாத்திரை ஒண்ணு, ஆராய்ச்சிக்காகக் குடுத்துப் பாக்குறோம். கேக்கும்னு சத்தியம் பண்ண முடியாது. இஷ்டம்னா சேருங்க."

ரூபினி சேர்ந்து, மாத்திரை அட்டையோடு வீடு வந்தாள்.

ரத்தம் என்றதுமே பாஞ்சாலைக்கு விளங்கிவிட்டது. பிள்ளைத்தாய்ச்சி ரத்தம் யாருக்கு ருசிக்கும்? காட்டேரிக்குத்தான்! ஐந்தாம் மாதம் போட வேண்டிய படையலை, டவுனில் வளர்ந்த மருமகள் வேண்டாமென்றதால் விட்டிருந்தார்கள்.

"பெரியவங்க சொன்னா கேட்டாத்தானே! மாத்திரைய இப்பத் தொடாத லா. அவ வாய் வெச்ச பிறகுதான் நம்ம வாய்."

மறுநாள் உச்சிப்பொழுதில் தேயிலைச் சரிவுக்குக் கீழே, ஆற்றோரம் இருந்த காட்டேரிக் கல்லுக்கு முன் தனியாக இலை போட்டாள். சோறு, கருவாடு, முருங்கைக்கீரை, கறுப்புக் கோழிக் குழம்பு. ஆத்தாளின் ஆசி இருக்கட்டுமென்று மாத்திரை அட்டையையும் இலை ஓரத்தில் வைத்தாள். கும்பிட்டு எழுந்தபோதுதான் உறைத்தது. காட்டேரிக்கு வைத்ததில் ஒரு பருக்கைகூட வீட்டுக்குத் திரும்பக் கூடாதே! அட புத்தி கெட்டவளே என்று தலையில் அடித்துக்கொண்டாள். நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்காமல் வெறுங்கையோடு வீடு வந்தாள்.

"என்ன அத்தை இது! என் பிள்ளை மருந்தக் கல்லுக்கா குடுத்தீங்க?" ரூபினி அழுதுகொண்டே பனிமூட்டத்துக்குள் இறங்கினாள். பாஞ்சாலை பின்னாலேயே ஓடினாள்.

இலை வைத்தபடியே இருந்தது. கருவாட்டில் ஓர் எறும்பு இல்லை, குழம்பில் ஓர் ஈ இல்லை. அட்டை மட்டும் இலை நடுவில் கிடந்தது. பின்பக்கத் தாள் எங்கேயும் கிழியவில்லை. குழிகள் அத்தனையும் காலி.

ரூபினி அட்டையை எடுக்கக் குனிந்தாள். பாஞ்சாலை அவள் கையை இறுகப் பிடித்தாள்.

"வயித்துப் பிள்ளையோட செத்தவதானே இவ," என்றாள் மெதுவாக. "இவ வயித்துலயும் வளராம ஒண்ணு கெடக்குது."

வேறு மாத்திரை கேட்டு மறுநாள் காலை கிளம்பும்போதே டாக்டர் போன் செய்துவிட்டார். "அந்த மாத்திரைய உடனே நிறுத்துங்க. வேற நாட்டுல இதச் சாப்பிட்டவங்களுக்குப் பொறந்த சில பிள்ளைங்களுக்கு நுரையீரல் கெட்டுப்போச்சாம். எத்தனை சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுகூட இல்ல டாக்டர்," என்ற ரூபினி மாமியாரைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்புறம் கேட்க வேண்டுமா? தோட்டத்து லயத்து வீடுகளுக்கெல்லாம் போய்ப் பெருமையடித்தாள் பாஞ்சாலை.

அடிக்கடி ஸ்கேன் பார்த்து, எட்டாம் மாதம் ஈப்போவில் வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். பெண். குருவிக்குஞ்சு மாதிரி இருந்துகொண்டு ஆஸ்பத்திரியே அதிரக் கத்தியது. பாஞ்சாலைக்குக் கால் தரையில் பாவவில்லை. மாற்றுத்துணி எடுக்க மலையேறி வந்தவள், ஆற்றோரக் குறுக்குவழியில் சிரித்துக்கொண்டே நடந்தாள்.

கல் இருந்த பக்கம் பனிக்குள் ஒரு பச்சைப்பிள்ளை அழுதது. இழுத்து இழுத்து, மூச்சு எட்டாமல் அழுதது. ஒரு பெண்குரல் அதற்குத் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தது.

டாக்டர் போனில் சொன்ன நுரையீரல் பாஞ்சாலைக்கு நினைவு வந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ ஆத்தா, தெரியாம வெச்சிட்டேன்! சத்தியமா எனக்குத் தெரியாது!"

அழுகை இரண்டு முறை விக்கியது. அப்புறம் கேட்கவில்லை. தாலாட்டு மட்டும் நிற்கவில்லை.