நத்தைப் பாடம்

பசை காய்வதற்குள் அப்பாவின் மரண அறிவிப்பைத் தெருக்கதவில் அழுத்தி ஒட்டினாள் ஸோர்னிட்சா. அதிலிருந்த படத்திலும் அதே முறைப்பு. மெத்தோதி கிரமாத்திகோவ், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிப் பேராசிரியர். நேற்று வகுப்பில் சரிந்தவர் எழுந்திருக்கவில்லை.

வெளியே சொன்னால் வெட்கக்கேடு, அவளுக்கு அழுகையே வரவில்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் அவளுடைய பயிற்சி வகுப்புக்கு மதிப்பெண் போட்டவர் இதே மனுஷன்தான். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் கைகட்டி உட்காரவில்லையாம். ஜன்னலோரம் கூடி நின்று, அவள் கொண்டுபோன நத்தையைப் பார்த்துக் கேள்வியாகக் கேட்டுத் தள்ளினார்களாம். ஆறுக்கு இரண்டு போட்டு ஃபெயிலாக்கினார். "இது பாடமில்ல, சந்தைக்கடை" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அன்றோடு வாத்தியார் வேலைக்கு முழுக்குப் போட்டாள், அப்பாவோடு பேச்சுக்கும். அடக்கம் முடிந்ததும் மாலைப் பேருந்தில் சோபியா நகரத்துக்குத் திரும்புவதாகத்தான் இருந்தாள்.

கல்லூரிக் கூட்டம் வந்தது. ஆளுக்கு இரண்டு வெள்ளைப் பூ; சாவுக்கென்றால் இரட்டைப்படைதான். அவரிடம் படித்து, பிறகு அவரோடேயே வேலை பார்த்த இவெலினா சவப்பெட்டியருகே அவளோடு நின்றாள்.

தான் கல்லூரியில் சேர்ந்தபோது அவரும் பிள்ளைகளைக் கைகட்ட வைத்தவர்தான் என்றாள். ஒரு வருஷம் திடீரென்று, கட்டின கையைப் பிரிக்கச் சொன்னாராம். பிறகு மேசைகள் வட்டமாயின. கடைசியில் அவரே குட்டி நாற்காலியில் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, கேள்வியை அவர்களைக் கேட்கச் சொன்னாராம்.

யாரைச் சொல்கிறாள் இவள்?

இவெலினா பையிலிருந்து பழுத்துப்போன ஒரு தாளை எடுத்தாள்.

"நேத்தும் இதத்தான்க்கா நடத்தினார். நத்தைப் பாடம். யாரோ ஒரு பொண்ணு எழுதினது, பேரை வெட்டி எடுத்துட்டார். இந்த ரெண்டு மார்க் யாருக்குன்னு வருஷா வருஷம் கேப்பார். அந்தப் பொண்ணுக்குன்னு சொல்லுவோம். இல்ல, எனக்குன்னுவார்."

தாளில் இருந்தது ஸோர்னிட்சாவின் கையெழுத்து. மேலே சிவப்புப் பென்சிலில் இரண்டு. அடப்பாவி மனுஷா, ஊருக்கெல்லாம் சொன்னதை ஒரே ஒரு தடவை எனக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கக் கூடாதா?

"பெட்டிக்குள்ள வெச்சிடலாமாக்கா?"

அப்பாவின் கைகள் மார்பின்மேல் இருந்தன. தன் கைகள் எங்கே என்று அப்போதுதான் தெரிந்தது. பெட்டியின் முன் வந்து நின்றதிலிருந்தே முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

மெல்லப் பிரித்து, வலது கையை நீட்டினாள்.

"எங்கிட்ட குடும்மா."