பன்னிரண்டாவது வாரம்

மின்னிக்கொண்டிருக்கிறது, என் நெஞ்சுக்கு நடுவே, டாக்டர் ஹெப்சிபாவின் திரையில், கோலிக்குண்டு அளவுக்கு மஞ்சளாக, யாரைக் கேட்டு இப்பவே ஸ்கேன் எடுத்தீங்க, கதிர்வீச்சு வச்சு முடிச்சு அஞ்சு வாரம்தானே ஆகுது, பன்னிரண்டு வாரம்னு எழுதிக் குடுத்தேனே என்கிறார், கதிர் பட்ட இடம் உள்ளே புண்ணா இருக்கும், புண்ணும் மின்னும், நிணநீர்ப் புத்துநோய் மிச்சம் இருந்தாலும் மின்னும், இது எதுன்னு நான் எப்படிச் சொல்ல, இன்னும் ஏழு வாரம் பொறுத்து மறுபடி எடுப்போம், மிச்சம் இருந்தா முன்னைவிடக் கடுமையான மருந்து என்கிறார், நான்தான் வாயைத் திறந்திருக்க வேண்டும், என் மனைவி செண்பகவல்லி முந்திக்கொண்டாள், இவங்க அக்கா சொல்லித்தான் டாக்டர், பன்னிரண்டாவது வாரம் ஆடியில விழுதாம், ஆடி ஆகாதாம்.

அந்த ஏழு வாரமும் செண்பகம் அக்காவோடு பேசவில்லை, அக்கா வெள்ளிக்கிழமைதோறும் தூக்குச்சட்டியில் ஏதாவது கொண்டுவருவாள், இவள் வாங்கி வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள், நான் கண்ணாடி முன் நின்று கழுத்தைத் தடவிக்கொண்டிருப்பேன், இருமல் வந்தால் உயிர் போய்த் திரும்பும், உண்மையைச் சொல்ல மட்டும் துப்பில்லை, பொறுக்க முடியாமல் ஸ்கேன் சென்டருக்குப் போன் போட்டு, டாக்டர் சொன்னதாகப் புளுகி நாள் வாங்கி, சீட்டில் குறித்துக்கொண்டவன் நான், அதற்குப் பிறகுதான் அக்கா வீட்டுக்குப் போய், ஆடிக்கு முன்னாடி எடுத்துட்டா என்னக்கா என்று கேட்டேன், அவள் காலண்டரைப் பார்த்தாள், ஆமா தம்பி, ஆடி வேண்டாம் என்றாள், அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்தேன்.

இதோ ஆடி, ஊசி போட்டாகிவிட்டது, ஒரு மணி நேரம் பேசாமல் அசையாமல் கிடந்தாகிவிட்டது, குழாய்க்குள் போய் வந்தும் ஆகிவிட்டது, உடம்புல கதிரியக்க மருந்து இருக்கு, யார் பக்கத்திலயும் உட்காராதீங்க என்று நர்ஸ் சொன்னதால் நான் வராந்தாவின் இந்தக் கோடியில், செண்பகமும் அக்காவும் அந்தக் கோடியில், தங்களுக்கு நடுவில் ஒரு நாற்காலி விட்டு, ரிப்போர்ட் நல்லதாக வந்தபின் சொன்னால் அது சும்மா பேச்சு, கெட்டதாக வந்தால் அழுகையில் யார் கேட்கப்போகிறார்கள், எழுந்து நின்றேன், நாலு பேர் திரும்பிப் பார்க்க, அக்கா, ஸ்கேனுக்கு நாள் குறிச்சது நான்தான், உன்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே குறிச்சிட்டேன் என்று கத்தினேன்.

எனக்குத் தெரியும்ல, என்றாள் அக்கா, நீ வந்தப்பவே நாள் எழுதின சீட்டு சட்டைப்பையில துருத்திக்கிட்டு நின்னுச்சு, ஆடியில ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாதுன்னு எந்தச் சாமி சொல்லிச்சு, என் மகளையே ஆடியிலதான் ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க, பயந்துபோய்ச் செஞ்சேன்னு பொண்டாட்டிகிட்ட நீ எப்படிச் சொல்லுவ, அதான் நானும் ஆடி வேண்டாம்னேன். செண்பகம் என்னை ஒரு பார்வை பார்த்தாள், அதை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன், பிறகு நகர்ந்து அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் அதே திரை, அதே நெஞ்சு, நடுவில் ஒன்றுமில்லை, சுற்றிலும் இருக்கிற சாம்பல் நிறம்தான், டாக்டர் ஹெப்சிபா சிரிக்கிறார், புண்ணுதான், ஆறிட்டு, இனி மூணு மாசத்துக்கு ஒருக்க வந்து ஆளைக் காட்டுனாப் போதும், தொந்தரவு ஏதும் வந்தாத்தான் இனி ஸ்கேன், ஸ்கேன் இல்லாம உள்ள இருக்கிறது எப்படி டாக்டர் தெரியும், என் குரல்தான், தெரியாமத்தான் இருக்கணும், நாங்க எல்லாரும் அப்படித்தானே இருக்கோம் என்கிறார். சரி டாக்டர் என்றேன், கழுத்தைத் தடவப் போன கையை இறக்கிக்கொண்டு எழுந்தேன்.