ஏரிக்கு அடியில் வந்த கார்

ஆர்விட் லாஹ்தி என்பவர் ஏரியில் மூழ்கி எட்டு மாதம் கழித்து, டிசம்பர் ஆறாம் தேதி மாலை நான்கு மணிக்கு, பனிக்கட்டிக்கு அடியில் அவருடைய காரின் முன்விளக்குகள் எரிந்தன. அன்று குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. விளக்குகள் அக்கரைக் கடைத்தெருவிலிருந்து கிளம்பி, ஊசியிலை மரக் கிளைகளை நட்டு அடையாளம் வைத்திருக்கும் ஏரிப்பாதையை ஒட்டி மெதுவாக ஊர்ந்து, அவர் வீட்டுக்கு நாற்பது அடி தள்ளி நின்று அணைந்தன. அதற்கு மேல் வர வழியில்லை. கரையோரத்தில் ஏரி அடிமண் வரைக்கும் உறைந்துவிடும்.

நம் மாவட்டத்தில் பனிக்காலம் அக்டோபரில் வந்து உட்கார்ந்தால் மே மாதம்தான் எழுந்து போகும். ஏரியைச் சுற்றிப் போனால் ஒரு மணி நேரம், குறுக்கே போனால் பத்து நிமிடம். அதனால் ஏப்ரலில் பனிக்கட்டி நீர்கட்டிக் கறுத்த பிறகும் ஏரி மேலேயே கார் ஓட்டுவார்கள். அப்போது ஓட்டுபவர் பக்கத்துக் கதவைத் திறந்தே வைத்திருக்க வேண்டும், உடைந்தால் குதிக்க. சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் இது. ஆர்விட்டுக்கு அவர் மூழ்கிய வாரம் நெஞ்சுச் சளி. காப்பித்தூள் வாங்க அனுப்பிய அவர் மனைவி ஹில்மா, "குளிர்காத்து ஆகாது, கதவைச் சாத்திக்கிட்டுப் போ" என்றாள். அவர் சாத்திக்கொண்டு போனார். போகும்போது ஒன்றும் ஆகவில்லை. வரும்போது போய்விட்டார்.

முதல் வருடம் விளக்குகளைப் பார்த்து ஊர் பயந்தது. அடுத்த வருடம் மார்ச்சில் ஒரு நாள் விளக்கு எரியவில்லை. ஏரிப்பாதையைத் திறந்து மூடும் வேலை பார்த்த எல்மர் கோர்ப்பிக்கு என்னவோ போலிருந்தது, பாதையை மூடினார். மறுநாள் நடு ஏரி பிளந்தது. அதற்குப் பிறகு ஊர் தெர்மாமீட்டரை நம்பவில்லை, ஆர்விட்டை நம்பியது. விளக்கு எரிந்தால் போகலாம், எரியாவிட்டால் சுற்றிப் போகவேண்டும். வருடத்துக்கு ஒன்றிரண்டு பேரை விழுங்கிக்கொண்டிருந்த ஏரி, அப்புறம் ஒருவரையும் தொடவில்லை.

ஹில்மா மட்டும் தினமும் மாலையில் கரையில் நின்றாள். நாற்பது அடி. அவரிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. கேட்காமல் அவளால் தூங்க முடியவில்லை, தூங்கினால் கார்க்கதவு சாத்தும் சத்தம் கேட்டு விழித்துக்கொண்டாள்.

ஏழாம் வருடம் ஏரி நன்றாகக் கெட்டிப்படும் முன்பே பனி முழங்கால் உயரம் கொட்டியது. அந்த வருடம் விளக்குகள் பத்து அடி கூடுதலாக வந்தன. ஹில்மாவுக்குப் புரிந்துவிட்டது. பனி போர்வை மாதிரி, அதன் அடியில் பனிக்கட்டி தடிக்காது. எட்டாம் வருடம் நவம்பரில் கொட்டகையிலிருந்த வைக்கோலையெல்லாம் கரையோரப் பனிக்கட்டி மேல் பரப்பி, அதன் மேல் பனியை வாரிப் போட ஆரம்பித்தாள்.

எல்மர் வந்து நின்று பார்த்தார். "என்ன ஹில்மா, ஏரிக்குச் சளி புடிச்சிருக்கா? இப்படிப் போத்தி விடுற?"

"மெல்லிசா இருந்தா அவரு கரையேறிடுவாரு."

"ஏறிட்டா நாங்க எதைப் பாத்து வண்டி விடுறது? எத்தனை வருஷமா ஊர்ல ஒரு சாவு இல்ல, நெனச்சுப் பாரு."

"ஊருக்கு வெளக்குப் புடிச்சது போதும் எல்மர். எட்டு வருஷமா நனைஞ்சுக்கிட்டுக் கெடக்காரு."

எல்மர் கிளம்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு கட்டு ஊசியிலை மரக் கிளைகளோடு திரும்பி, தெரியாதவர்கள் யாரும் அந்தப் பக்கம் கால் வைக்காதபடி அவள் மூடிய இடத்தைச் சுற்றி நட்டார். பிறகு அவரும் ஒரு மண்வாரியை எடுத்தார்.

ஜனவரி பத்தொன்பதாம் தேதி நாலரை மணிக்குக் கரையோரம் உடைந்தது. ஆர்விட் தண்ணீர் சொட்ட நடந்து வந்து, சமையலறை மேசையில் காப்பிப் பொட்டலத்தை வைத்துவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். ஹில்மா துண்டைக் கொடுத்தாள்.

"கதவைத் தெறந்து குதிச்சிருக்கலாமே?"

"நீதான சாத்திக்கச் சொன்ன" என்றார் அவர். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளை உடைத்தது. வெகுநேரம் அழுதாள். பிறகு காப்பி போட்டாள். ஏரி வாசம் அடித்தாலும் இருவரும் குடித்தார்கள்.

அதன் பிறகு ஏரிக்கு அடியில் விளக்கு எரியவில்லை. ஊர்க்காரர்கள் இப்போது ஹில்மா வீட்டு வாசலில் வந்து, "இன்னைக்குப் போகலாமா?" என்று கேட்கிறார்கள். அவள் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "வியாழக்கிழமை வரைக்கும் வேணாங்கறாரு" என்பாள். அவர்களும் சுற்றுவழியில் போகிறார்கள். சமையலறைத் தரை எப்போதும் ஈரம். விறகு மற்ற வீடுகளை விட மூன்று மடங்கு ஆகிறது என்பதால், ஏரியைக் கடக்கிற ஒவ்வொரு வண்டியும் அவள் வாசலில் நாலு கட்டை போட்டுவிட்டுப் போகிறது. பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது போனாலும் ஹில்மா வாசல் கதவைச் சாத்துவதில்லை.