சோதனை மூட்டை

மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது, கிளையில் கயிறு கட்டக் கூடாது, வேரின் மேல் சிமென்ட் விழக் கூடாது. காட்டுக்குள் ஊர்மக்களுக்காக ஒரு பொழுதுபோக்கு மையம் அமைக்க அனுமதி தந்த வனத்துறை, கூடவே இத்தனை ‘கூடாது’களையும் தந்திருந்தது.

“இவ்வளவு மரம் இருக்கிற இடத்துல ஊஞ்சல் மாட்ட இரும்புக் கம்பம் தூக்கிட்டு வந்த ஆள் நீங்க ஒருத்தர்தான்” என்று வனக்காவலர் தினமும் சீண்டிவிட்டுப் போவார்.

பூங்காக்களிலும் பள்ளிகளிலும் ஊஞ்சல், சறுக்கு, வலை ஏணி பொருத்துவது, கம்பம் தூக்கி வந்தவரின் தொழில். ஊஞ்சல்காரர் என்றால்தான் யாருக்கும் தெரியும். சொந்தப் பெயர் மனைவிக்கே யோசித்தால்தான் வரும். வலை பின்னுவதும் சோதனை மூட்டை தைப்பதும் மனைவியின் வேலை. ஊஞ்சலில் பிள்ளைகள் ஏறுவதற்கு முன்னால், பெரிய ஆள் எடைக்கு மணல் அடைத்த மூட்டையை உட்காரவைத்து ஆட்டிப் பார்க்க வேண்டும். கையைக் காலை அசைக்காமல் உட்கார்ந்து, அடுத்தவர் தள்ளத் தள்ள ஆடுவதால், வேலையாட்கள் அதற்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மறுநாள் திறப்பு. நடைபாதையில் சரளை விரித்தாயிற்று, மரப்பலகை மேடைக்கு எண்ணெய் பூசியாயிற்று. பாக்கி ஊஞ்சலும் வலை ஏணியில் சில முடிச்சுகளும்தான்.

காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது பிள்ளைகள் இல்லத்துக் காப்பாளரம்மா போன் செய்திருந்தார். “முதல்ல கேட்டது நீங்கதான், மறுக்கல. ஆனா இன்னொரு குடும்பமும் அவளைத் தத்துக் கேக்கறாங்க. சாயங்காலத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள்.

“பார்க்கலாம்” என்றார் அவர்.

ஒரு வருடமாக மனைவி கேட்கும்போதெல்லாம் அந்த ஒரே பதில்தான். வேண்டாம் என்பதல்ல அதன் பொருள். ஆசைப்பட்டு ஆசைப்பட்டு ஏமாந்த வீடு அது. கல்யாணமான புதிதில் தொட்டிலுக்கென்று கூரையில் அவர் அடித்த கொக்கியில் இப்போது துணிக்கொடி தொங்குகிறது. ஈரத்துணிக்குக் கீழே குனிந்து போகும் ஒவ்வொரு முறையும், இன்னொரு தடவை ஆசைப்படத் தெம்பில்லை என்று தோன்றும்.

அந்தச் சிறுமிக்கு அப்போது ஏழு வயதிருக்கும். போன வருடம் இல்லத்தில் ஊஞ்சல் பொருத்தியபோது, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஸ்பானரை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

“மாமா, சங்கிலி அறுந்துட்டா?”

“அறாது.”

“அறுந்துட்டா யாரு பிடிப்பா?”

காதில் விழாதது போல நட்டை முறுக்கினார் அவர். முறுக்க வேண்டிய அளவுக்கு மேலேயே முறுக்கினார்.

வெயில் சாய்ந்து மரநிழல்கள் நீளத் தொடங்கியபோது ஊஞ்சல் தயாரானது. தள்ளுவண்டியிலிருந்து மூட்டையைத் தூக்கியவர் நின்றார். புது மூட்டை. ஜன்னல் திரைத் துணியில் தைத்தது.

“இந்தா, மணல் ஏன் குறையுது? மாப்பிள்ளை இளைச்சுட்டாரா?”

“மாப்பிள்ளை வண்டி அடியில கிடக்கார்” என்றாள் மனைவி, வலையில் முடிச்சுப் போட்டபடியே. “இது வேற.”

“இந்த எடைக்குச் சோதனை செல்லாதே.”

“செல்லாட்டிப் போகுது. பார்க்கலாம் பார்க்கலாம்னு சொல்வீங்களே, தூக்கிப் பாருங்க.”

“தூக்கிட்டுத்தானே நிக்கிறேன்.”

“அன்னிக்கு இல்லத்துல அவளை ஊஞ்சல்ல தூக்கி உட்காரவச்சது நான். என் கை மறக்கல. நேத்து மணலைப் போட்டு, எடுத்து, கைக்குச் சரின்னு பட்ட பிறகுதான் மூட்டை வாயைத் தைச்சேன்.”

அவர் மூட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார். “ஒரு வருஷம் ஆச்சே. கொஞ்சம் ஏறியிருப்பாளே” என்றார்.

சொன்ன பிறகுதான் தன் குரல் அவருக்கே கேட்டது. மனைவியின் கை முடிச்சிலேயே நின்றுவிட்டது.

“அதுக்கும் சேர்த்து ரெண்டு கை அள்ளிப் போட்டிருக்கேன்” என்றாள் மெல்ல.

அவர் மூட்டையை இருக்கையில் வைத்துக் கட்டித் தள்ளினார். பிறகு வழக்கமாக நிற்கும் இடத்தை விட்டுவிட்டு ஊஞ்சலுக்கு எதிரே போய் நின்றார். அது போய்த் திரும்பி முன்னால் வந்தபோது இரண்டு கையாலும் பிடித்தார். கட்டை அவிழ்த்தார், ஆனால் கீழே இறக்கவில்லை.

அந்த வழியாக வந்த வனக்காவலர் பார்த்துவிட்டார். “என்ன ஊஞ்சல்காரரே, மாப்பிள்ளைக்குத் தங்கச்சி பிறந்திருக்கா?”

ஊஞ்சல்காரர் கேட்டார்: “இங்க போன் எங்க எடுக்கும்?”

“காட்டுக்குள்ள எங்கயும் எடுக்காது. கேட்டைத் தாண்டி மைல்கல் பக்கம் போகணும். என்ன, அவசரமா?”

“அவசரந்தான்.”

மனைவி வலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். நாளைக்கு ஊர்ப்பிள்ளைகள் ஓடப்போகிற சரளைப் பாதையில் இருவரும் வேகமாக நடந்தார்கள். பாதி வழியில் அவள் திரும்பிப் பார்த்தாள்.

“மூட்டையை எதுக்குங்க தூக்கிட்டு வர்றீங்க? அங்கயே வச்சிருக்கலாம்ல.”

அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. “இருக்கட்டும், நட” என்றார்.

மைல்கல் அருகே அவள் எண்ணை அழுத்தி, அவருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். மறுமுனையில் மணி அடித்தது. அடித்து ஓய்ந்தது. வெயில் மர உச்சிகளுக்கு ஏறியிருந்தது.

“எடுக்கலையேங்க. முந்திட்டாங்களோ?”

வழக்கமான அந்த ஒரு சொல் அவர் வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டார்.

“மறுபடி போடு” என்றார். மறுபடியும் மணி அடிக்கத் தொடங்கியது. கை கடுத்தது அவருக்கு. மூட்டையை மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, காதைப் போன் பக்கம் சாய்த்தார்.