கை எதுவரை எழும்ப வேண்டும்

டிரில் வாத்தியாரின் வலது கை இடுப்புக்கு மேலே எழும்பாமல் போனதுதான் அந்த வீட்டில் நடந்த ஒரே நல்ல காரியம். அதற்குள் அந்தக் கை அவர் மனைவியின் முன்பற்களையும் ஒரு செவிப்பறையையும் முடித்துவிட்டிருந்தது. கழுத்தும் தோளும் இறுகிய பிறகு இடது கையால் முயன்றார். எறிந்த செம்பு ஜன்னலை உடைத்தது. வீசிய செருப்பு அவர் முழங்காலிலேயே பட்டது. கிழவி நிம்மதியாகத் தூங்கத் தொடங்கினாள்.

அதற்கு உலை வைத்தவன் மகன். பாசக்காரப் பிள்ளை. எலும்பையும் மூட்டையும் கையாலேயே அழுத்திச் சரிசெய்யும் கைரோபிராக்டிக் சிகிச்சையை முதியவர்களுக்கென்றே செய்யும் டாக்டரிடம் அப்பாவைக் கூட்டிப்போனான். துணைக்கு அம்மா.

டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "வயசான எலும்பு சார், பிஸ்கட் மாதிரி. நறுக்குனு திருப்ப மாட்டேன், பதமா அழுத்தித்தான் கொண்டு வரணும்" என்றார்.

"பதமாவா? நான் ஒரே திருகுல பசங்க காதைக் கையோட கொண்டு வந்திருக்கேன்யா!"

கை பதமாகவே மேலே வந்தது. முதலில் கிழவியின் மார்பு உயரத்துக்கு. பிறகு தாடை உயரத்துக்கு. மகன் கை தட்டினான். "சூப்பர்ப்பா! இன்னும் கொஞ்சம்!"

வாத்தியார் வெளியே போன சமயம் பார்த்து அவள் டாக்டரிடம் போனாள். "தம்பி, இதோட நிறுத்திக்கலாமே."

"ஏம்மா? முழுசா வந்துடும்."

"வந்தா என் மேலதான் வரும்."

டாக்டருக்குப் புரிந்தது. புரிந்ததால் தொண்டையைச் செருமினார். "பாதி வைத்தியம் தொழிலுக்கு அழகில்லம்மா. பையன்கிட்ட பேசுங்க."

பேசினாள். "அப்பாவுக்கு வயசாச்சும்மா, இப்பல்லாம் எங்க அடிக்கிறாரு?" என்றான் மகன்.

"கை வரலடா, அதான் அடிக்கல."

"எப்பப் பாத்தாலும் நெகட்டிவாவே பேசாதம்மா."

மறுநாள் அவளே போய் டாக்டரின் மேஜையில் குப்புறப் படுத்தாள். "அப்ப எனக்கும் பாருங்க. கழுத்து திரும்பல, கால் நிக்கல."

டாக்டர் மகிழ்ந்தார், தம்பதிக்குக் கட்டணச் சலுகை உண்டு. கழுத்தைத் தளர்த்தினார். ஒற்றைக் காலில் நிற்கவும், எடையைக் கால் மாற்றி விலகவும், ரப்பர் பட்டையை இழுத்து விடவும் பயிற்சி கொடுத்தார். இரண்டு பேருக்கும் முன்னேற்றம். யார் முதலில் தேறுவார் என்பதுதான் கேள்வி, அப்படியொரு கேள்வி இருப்பது கிழவிக்கு மட்டும்தான் தெரியும்.

மகன் ஆபீஸ் போயிருந்த ஒரு மத்தியானம், சட்டையில் பொத்தான் தைக்கவில்லை என்று வாத்தியார் கையை ஓங்கினார். அது தலைக்கு மேலே போனது. கணநேரம் அவரே அண்ணாந்து பார்த்துப் பெருமைப்பட்டார். பிறகு இறக்கினார்.

கிழவி கழுத்தைத் திருப்பி, காலை மாற்றி விலகினாள். குத்து இரும்பு பீரோவின் விளிம்பில் விழுந்து விரல்கள் பிளந்தன. அலறிக்கொண்டே இடது கையால் அவள் கொண்டையைப் பிடித்துச் சுவரில் மோதினார். நெற்றி கிழிந்தது. அவள் கைக்கு ஸ்டூல் அகப்பட்டது. வலது தோளைப் பார்த்து இறக்கினாள். கத்தினார். இன்னொன்று இறக்கினாள். எலும்பு ஒடிந்த சத்தம் அவளுடைய நல்ல காதில் தெளிவாகக் கேட்டது. மூன்றாவதற்கு ஓங்கியவள், அவர் கும்பிட முயல்வதைப் பார்த்து ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தாள்.

ஆஸ்பத்திரிக் கட்டு பிரித்ததும் மகன் மறுபடி அப்பாவைத் தாங்கிக்கொண்டு டாக்டரிடம் வந்தான். இந்த முறை கூட வந்த அம்மாவிடமிருந்து எட்டியே நின்றான்.

டாக்டர் கிழவியின் நெற்றித் தையலைப் பார்த்தார். தொழிலின் அழகு பற்றிப் பேசவில்லை. "எதுவரைக்கும்மா கொண்டு வரணும்?"

"சோறு திங்கணும்ல. வாய் வரைக்கும் போதும்."